சொட்டு நின்ற மறுநாள்

சுரங்கத்தின் மூன்றாவது லெவலில் சொட்டு நின்ற பிறகுதான் வண்டி கட்டுவது என்று ஏகாம்பரம் முடிவு செய்திருந்தான்.

ஏழாம் மாதத்திலேயே மனைவி பார்வதத்தை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். ஏழில் பிளேக் வந்தது. எட்டில் பயணம் ஆகாது என்றார்கள். ஒன்பது பிறந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ரயிலில் போனால் ஒரே நாள். ஆனால் அந்த வருஷம் தங்க வயலிலிருந்து ரயிலேறியவர்களை வழியில் இறக்கி, கட்டி இருக்கிறதா என்று அக்குளில் கைவைத்துப் பார்த்து, தகரக் கொட்டகையில் பத்து நாள் அடைத்தார்கள். கூலிக்காரர் லைனிலிருந்து போன ஒரு பிள்ளைத்தாய்ச்சி கொட்டகையிலேயே பெற்றாள். கொட்டகையிலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் வீட்டுப் பெண்களை ரயிலேற்றவில்லை.

மிஞ்சியது கூண்டு வண்டி. தங்க வயலின் கோரமண்டலிலிருந்து வெங்கடகிரிகோட்டை, அங்கிருந்து நாயக்கனேரிக் கணவாயில் இறங்கினால் அவள் அம்மா ஊரான பேரணாம்பட்டு. குலுக்காமல் ஓட்டினால் மூன்று நாள். வழியில் வண்டிக்குள்ளேயே படுக்கை, வண்டிக்கு அடியிலேயே சமையல். பிளேக் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு எந்தச் சாவடியிலும் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

மேஸ்திரி ஏழு நாள் லீவு தருவதாகச் சொல்லியிருந்தார். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தடவைதான். ஏழு நாளைக்கு மேல் ஒரு ஷிப்ட் தவறினாலும் அவன் இடத்தில் வேறு ஆள் இறங்குவான்.

ஆகவே நாளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நாள் பார்க்க ஏகாம்பரத்துக்கு ஒரு வழி இருந்தது.

அவன் தண்ணீர் கேங்கில் இருந்தான். மூன்றாவது லெவலில் பாறை கசிந்து சேரும் நீரைத் தொட்டியில் இறைத்து மேலே அனுப்புகிற வேலை. மேலே பெய்த மழை நான்காம் நாள் அங்கே சொட்டும். மேலே விட்ட மழை நான்காம் நாள் அங்கே நிற்கும். மண்பாதையும் நான்கு நாளில்தான் நன்றாகக் காய்கிறது. சொட்டு நிற்கும் நாளும் பாதை காயும் நாளும் ஒன்றுதான் என்று அவன் கணக்குப் போட்டான். ஒன்பது வருஷத்தில் சொட்டு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் அவன் மாட்டுவண்டியில் எங்கும் போனதில்லை என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமை மழை விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்காரன் கோவிந்தன் வந்தான். கணவாய்க் காட்டிலிருந்து விறகு ஏற்றி வருகிறவன். மாடுகளுக்குப் புது லாடம் அடித்து, அச்சுக்கு மை போட்டு, கூண்டின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தான். உள்ளே வைக்கோல் மெத்தை முழங்கால் உயரம்.

"இன்னாப்பா ஏகாம்பரம், கிளம்பலாமா?"

"கீழ இன்னும் கொட்டுது கோவிந்தா."

"கீழ கொட்டினா இன்னா? நாம மேலதானே போறோம்?"

பக்கத்துத் தட்டி வீட்டு வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்த கங்கம்மா சிரித்தாள். லைனில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. பார்வதத்துக்குத் துணையாக வர ஒப்புக்கொண்டிருந்தாள்.

"அவன் வானத்தப் பாக்கறதுக்குக் கேஜ்ல ஏறிக் கீழ போறவன்டா. நீ மேல நின்னு பேசினா அவனுக்குக் காதுல ஏறுமா?"

"நீ சும்மா இரு அக்கா" என்றான் ஏகாம்பரம்.

"சும்மா தான் கீறேன். நாலு நாளா மூட்டை கட்டி வெச்சிட்டுச் சும்மா தான் கீறேன்."

கோவிந்தன் குந்தி உட்கார்ந்து தரையில் விரலால் கோடு இழுத்தான்.

"இதோ பாரு. ரெண்டு நாளா நல்ல காத்து. பாதை மேல்மண்ணு இறுகிப் போச்சு. கணவாய்க்கு முன்னாடி ரெண்டு கானாறு. மழை விட்டா ஒரே நாள்ல முட்டிக்குக் கீழ வந்துடும். நான் வருஷக்கணக்கா தாண்டி வர்றவன் சொல்றேன். இன்னிக்குக் கட்டினா புதன்கிழமை பொழுது சாய அந்தம்மா அவங்க ஆத்தா வீட்ல கஞ்சி குடிக்கும்."

"சேத்துல சக்கரம் இறங்கினா?"

"இறங்கினா தூக்கறதுக்கு நீ கீறே, நான் கீறேன்."

"குலுங்கக் கூடாது கோவிந்தா. பாதை நல்லா காயட்டும்."

"மழை உன்கிட்ட எழுதிக் குடுத்துச்சா, நீ காயறவரைக்கும் வரமாட்டேன்னு?"

கோவிந்தன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். செவ்வாய் வரை இருப்பதாகவும், அதற்கு மேல் விறகுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

பார்வதம் எல்லாவற்றையும் தட்டிக்குப் பின்னால் இருந்து கேட்டாள். அவனுக்குக் களியைப் போட்டு வைத்துவிட்டு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் ஏகாம்பரத்துக்கு அக்கா மகள். சின்ன வயதிலிருந்தே அவனை மாமா என்று கூப்பிடுகிறவள்.

"இன்னிக்கே போலாம் மாமா."

"ரெண்டு நாள் பொறு."

"வானம் வெளுத்துக் கீது. எனக்குத் தெரியுது."

"தெரியும். எனக்கும் தெரியும்."

"உனக்கு எங்க தெரியும்? நீ இருட்டோட எறங்கிப் போறே, இருட்டோட ஏறி வர்றே."

வெளியே மில்லில் கல் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பகலும் இரவும் நிற்காது. அந்தச் சத்தத்தில் பிள்ளை தங்காது என்பது பார்வதத்தின் நம்பிக்கை. முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது மூன்று மாதம். இரண்டும் லைனுக்குப் பின்னால், மில் கழித்த மண்மேட்டின் ஓரத்தில் கிடந்தன. மூன்றாவதை இங்கே பெறுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவளாக அவனிடம் கேட்டது கல்யாணமான ஆறு வருஷத்தில் இது ஒன்றுதான்.

அவன் தயங்கியதற்கும் காரணம் இருந்தது. இரண்டாவது பிள்ளைக்கு மூச்சிரைத்தபோது அவன் அவசரப்பட்டான். இரு, விடியட்டும் என்று எல்லோரும் சொல்ல, கொட்டுகிற மழையில் கோணியைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி வாசலில் கோணியை விலக்கினான். பிள்ளை நனைந்திருந்தது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பார்வதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த முறை அவசரப்படுவதில்லை.

திங்கட்கிழமை பாறை கசிந்தது. செவ்வாய்க்கிழமை ஷிப்டில் சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே அவனால் பத்து வரை எண்ண முடிந்தது. பிறகு முப்பது. ஷிப்ட் முடியும் நேரத்தில் மெழுகுவத்தியைப் பாறையருகே பிடித்துக்கொண்டு நின்றான். கூட வேலை செய்கிறவன் கேட்டான்.

"இன்னாயா, தங்கம் தெரியுதா?"

"தங்கம் இல்ல. பேரணாம்பட்டு தெரியுது."

நூறு வரை எண்ணினான். சொட்டவில்லை.

ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் அன்று சீக்கிரம் மேலே வந்தது; மாலை வெயில் இன்னும் இருந்தது. கிழக்கே அடிவானத்தில் ஒரு சாம்பல் விளிம்பு. அதைப் பார்த்தான். மில் புகை என்று நினைத்தான்.

புதன்கிழமை விடிகாலையில் வண்டி கிளம்பியது. பார்வதமும் கங்கம்மாவும் உள்ளே. ராகி மாவு, கருவாடு, சட்டி, இரண்டு குடம் தண்ணீர், கங்கம்மாவின் துணி மூட்டை. ஏகாம்பரம் வண்டியின் பின்னால் நடந்தான். பாதை அவன் கணக்குப்படியே இருந்தது. வண்டித்தடம் இறுகி, சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. மாரிக்குப்பம் தாண்டி ஒரு மைல் போனதும் மில் சத்தம் தேய்ந்து நின்றது. பார்வதம் கூண்டின் பின்தட்டியை விலக்கி வெளியே பார்த்தாள்.

"கேக்குதா மாமா?"

"இன்னா?"

"ஒண்ணும் கேக்கல."

அவள் சிரித்தாள். இந்த வருஷத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. இரவு ஒரு புளியந்தோப்பில் தங்கினார்கள். வண்டிக்கு அடியில் மூன்று கல் வைத்துக் களி கிண்டினாள் கங்கம்மா. கருவாட்டை நெருப்பில் வாட்டிக்கொண்டே கோவிந்தனைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ இன்னாடா உம்முனு கீறே? மாடு செத்துப்போன மாதிரி."

"காத்து மாறிடுச்சு அக்கா."

"மாறினா மாறட்டும். தின்னு."

ஏகாம்பரத்தின் காதில் அது விழுந்தது. கேட்காத மாதிரி மாட்டுக்கு வைக்கோல் உதறினான்.

வியாழக்கிழமை நடுப்பகலில் கோட்டைக்கு வந்தார்கள். கிழக்கிலிருந்து காற்று குளிர்ந்து வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழைய சாவடி இருந்தது. பாதிக் கூரை. யாரும் இல்லை. கோவிந்தன் வண்டியை அதன் முன்னால் நிறுத்தினான்.

"இங்கயே இருந்துடலாம்."

"மத்தியானந்தானே ஆவுது?"

"அந்தப் பக்கம் பாரு. கணவாய் மேல தண்ணி இறங்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க வந்துடும். ரெண்டு நாள் பாத்துட்டுப் போலாம்."

ஏகாம்பரம் விரலை மடக்கினான். போக இரண்டு நாள் சேர்ந்தால் திரும்ப நாள் போதாது. தவிர, இதோ காலடியில் பாதை காய்ந்து கிடக்கிறது. செவ்வாயன்று பாறை காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த பாதை கையில் இருக்கும்போது அதை விடுவதா?

"அது தூறல் மேகம். போயிடலாம். கானாறு ரெண்டையும் பொழுதோட தாண்டிட்டா அப்புறம் கணவாய்தானே?"

"தாண்டிட்டா."

"முட்டிக்குக் கீழன்னு நீதானே சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை சொன்னேன்யா."

கங்கம்மா உள்ளேயிருந்து, "ஏதாவது ஒண்ணு பேசி முடிங்கடா, இவளுக்குக் கால் மரத்துப் போவுது" என்றாள். கோவிந்தன் ஏகாம்பரத்தைப் பார்த்தான். பிறகு மாட்டை அதட்டினான். ஏகாம்பரத்தின் பெண்டாட்டி. அவன் பிள்ளை.

முதல் கானாற்றைத் தாண்டும்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஏகாம்பரத்துக்கு மனசு லேசானது. அரை மைல் போவதற்குள் மழை வந்தது. இரண்டாவது கானாற்றுக்கு வந்தபோது அது செம்மண் நிறத்தில் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது. கோவிந்தன் இறங்கி ஒரு மூங்கிலை ஊன்றிப் பார்த்தான். மூங்கில் கையை விட்டுப் போனது.

"திருப்பு" என்றான் ஏகாம்பரம்.

திருப்பிக்கொண்டு வந்தார்கள். முதல் கானாறு மார்பளவு வந்திருந்தது.

இரண்டு ஆற்றுக்கும் நடுவே அரை மைல் நிலம். ஒரு பக்கம் காடு. மறுபக்கம் மேட்டில் பத்துப் பதினைந்து குடிசைகள். வெள்ளிக்கிழமை காலை ஏகாம்பரமும் கங்கம்மாவும் நனைந்துகொண்டே மேட்டில் ஏறினார்கள். ஊர் வாயில் முள் வெட்டிப் போட்டிருந்தது. முள்ளுக்கு அப்பால் ஒரு ஆள் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றான். தெலுங்கில் எந்த ஊர் என்று கேட்டான். கங்கம்மா வாய் திறப்பதற்குள் ஏகாம்பரம் சொல்லிவிட்டான்.

"கோரமண்டல்."

அந்த ஆள் இரண்டடி பின்னால் போனான். தங்க வயல்காரர்களை உள்ளே விடுவதில்லை என்றான். கங்கம்மா தெலுங்கில் கெஞ்சினாள், பிள்ளைத்தாய்ச்சி என்றாள், மாட்டுக் கொட்டகை போதும் என்றாள். பிறகு திட்டினாள். அவன் எதற்கும் கோபப்படவில்லை. அவனுக்கும் உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூட்டை சுள்ளியை முள்ளுக்கு மேலே தூக்கிப் போட்டான்.

இறங்கும்போது கங்கம்மா சொன்னாள்.

"கோட்டைன்னு சொல்லியிருந்தா செத்தா போயிருப்பே?"

அவன் தடுமாறி நடந்தான். அந்த யோசனை அவனுக்கு வரவேயில்லை.

வண்டியை மேடான இடமாகப் பார்த்து நிறுத்தி, நுகத்தடிக்குக் கல் முட்டுக் கொடுத்தார்கள். மாடுகளை மரத்தடியில் கட்டினார்கள். தார்ப்பாய் தாங்கியது. ஓரங்களில் ஒழுகியது. சனிக்கிழமை மத்தியானம் பார்வதத்துக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கங்கம்மா ஆண்கள் இருவரையும் மரத்தடிக்கு விரட்டினாள். அவ்வப்போது வெந்நீர் கேட்டாள். நனைந்த சுள்ளி எரியவில்லை. ஏகாம்பரம் வண்டியின் முன்பலகையில் ஒரு துண்டை உடைத்து எரித்தான். கோவிந்தன் இன்னொரு துண்டை உடைத்துக் கொடுத்தான். ஞாயிறே கிளம்பியிருந்தால் என்று அவன் ஒருமுறையாவது சொல்வான் என்று ஏகாம்பரம் காத்திருந்தான். கோவிந்தன் மாட்டின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதன்கிழமை பொழுது சாய என்று அவன் சொன்னதை ஏகாம்பரம் தானே தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

பார்வதம் அதிகம் கத்தவில்லை. ஒருமுறை மட்டும் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

ஞாயிறு விடியும்போது கங்கம்மா தட்டியை விலக்கினாள். முகத்தில் களைப்பைத் தவிர எதுவும் இல்லை.

"கால் முன்னால வந்துச்சு. இழுத்தேன். ஆம்பளப் புள்ள."

"சத்தம் கேக்கலையே அக்கா."

"கேக்காது."

துணியில் சுற்றி அவனிடம் கொடுத்தாள். நனையாமல் இருக்க நன்றாகச் சுற்றியிருந்தாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். மழை மெலிந்து தூறலாகியிருந்தது.

பாதையோரத்தில் ஒரு வேப்பங்கன்றின் அருகே தோண்டினான். கடப்பாரை தேவைப்படவில்லை. கோவிந்தனின் களைக்கொட்டு போதுமாக இருந்தது. ஒன்பது வருஷமாகப் பாறைக்கு நடுவே வேலை செய்தவன். இவ்வளவு இளகிய மண்ணை அவன் தொட்டதேயில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் மெதுவாகத் தோண்டினான்.

அன்று மத்தியானம் மழை விட்டது. திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. இரண்டாவது கானாறு இறங்கி, நடுவில் மணல் தெரிந்தது. கோவிந்தன் நடந்து தாண்டிப் போய்த் திரும்பி வந்தான்.

"முட்டிக்குக் கீழ. போலாம். சாயங்காலம் பேரணாம்பட்டு."

ஏகாம்பரம் கூண்டுக்குள் தலையை நீட்டினான். பார்வதம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வைக்கோலில் அவளுடைய கை மட்டும் வெயிலில் இருந்தது.

"லைனுக்கே திரும்பிடலாமா?" என்று கேட்டான். பேறுகாலத்துக்காக அம்மா வீட்டுக்குப் போகிறவள். இனி எதற்கு என்று அவள் நினைக்கலாம்.

"நான் போறேன். நீ திரும்பு."

"உன்னைக் கொண்டுபோய் விட்டுட்டுப் போறேனே."

"உனக்கு நாள் இல்ல. புதன்கிழமை நீ எறங்கணும்."

அதில் கோபம் இல்லை. அவன் கணக்கு அவளுக்கும் தெரியும் என்பது போலச் சொன்னாள்.

"பொங்கல் கழிச்சு வந்து அழைச்சிட்டுப் போறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் தலையை எடுக்கப் போனான்.

"வராத மாமா."

"பார்வதம்."

"உன்மேல குத்தம் இல்ல. எனக்கு அந்த இடம் வேணாம். நீ அங்கதான் இருக்கணும். வேற எங்க போவே?"

அவன் யோசித்தான். உண்மைதான். அவனுக்கு வேறு வேலை தெரியாது. பேரணாம்பட்டில் அவனுக்கு நிலம் இல்லை, பாக்கி இருந்த ஒரு குடிசையும் பங்காளியிடம் போய்விட்டது. கங்கம்மா ஏதாவது சொல்லுவாள் என்று அவளைப் பார்த்தான். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கூட இருந்து பாத்துக்கறேன். நீ போ தம்பி" என்றாள். முன்னே அவனை ஒருநாளும் அவள் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

கோவிந்தன் மாட்டை இறக்கினான். சக்கரம் மணலில் ஏறி இறங்கி, அக்கரையில் ஒருமுறை திணறி, மேலே ஏறியது. கூண்டின் பின்தட்டி மூடியே இருந்தது. புங்க மரங்களுக்குப் பின்னால் வண்டி மறையும் வரை அவன் நின்றான். மாட்டின் மணி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

அவன் மேற்கே திரும்பி நடந்தான். வேப்பங்கன்றைத் தாண்டும்போது நிற்கவில்லை. முதல் கானாற்றில் பாதம் மட்டும் நனைந்தது. வெயில் ஏற ஏறப் பாதை காய்ந்து வெளுத்தது. நடக்க நன்றாக இருந்தது.

கோட்டைக்கு ஒரு மைல் இருக்கும்போது எதிரே ஒரு கூண்டு வண்டி வந்தது. ஓட்டியவன் வயதானவன். உள்ளே ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் கட்டுச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். வயதானவன் மாட்டை இழுத்துப் பிடித்தான்.

"அந்தப் பக்கத்துலேந்து வர்றியா தம்பி? முன்னால பாதை எப்பிடிக் கீது?"

ஏகாம்பரம் நின்றான். திரும்பிக் கிழக்கு வானத்தைப் பார்த்தான்.

"நல்லாக் கீது" என்றான். "சீக்கிரம் போங்க."

வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினான். வண்டி போன பிறகும் அப்படியே ஒதுங்கி நின்றிருந்தான்.